விளக்கு அணைஞ்சா வண்டி ரெடியா?

*பழுது பார்த்த பிறகு லாரியின் கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் கொடுங்கள் – நாமக்கல், சேலம் சாலையிலிருந்து ஒரு நேரடிப் பதிவு*

விடிகாலை நாலே முக்கால். நாமக்கல் முதலைப்பட்டி பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறை. என் தாய்மாமாவின் பத்துச் சக்கர லாரி அங்கே நிற்கிறது. முந்தின நாள் பொழுது சாயும்போது என்ஜினை நிறுத்தியது. ராத்திரி முழுக்க ஒருத்தரும் சாவியைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என்ஜின் தண்ணீர், வெளிக்காற்று அளவுக்கு ஆறியிருக்க வேண்டுமாம்.

மாமா சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. ஆறு வாரமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த மஞ்சள் என்ஜின் விளக்கும் அணைந்துவிட்டது.

"அவ்வளவுதானே தம்பி? லைட்டே இல்லையே. இப்படியே போய்ப் புகை சர்டிபிகேட் வாங்கிட்டு லோடுக்குப் போயிடறேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மெக்கானிக் மடியில் இருந்த ஸ்கேனரை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு பட்டியல். மிஸ்ஃபயர், எரிபொருள், பொதுவான வயரிங்: இந்த மூன்றுக்கும் எதிரே பச்சை டிக். அதற்குக் கீழே ஈஜிஆர், டர்போ அழுத்தம், எக்ஸாஸ்ட் சென்சார், புகை வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடு கேட்டலிஸ்ட். ஐந்துக்கும் எதிரே ஒரே பதில்: 'நாட் ரெடி'.

"வண்டி ரெடிங்கண்ணா. கம்ப்யூட்டர் இன்னும் ரெடி ஆகலைங்க. இது பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. பேப்பரையே இன்னும் திருத்தலைன்னு அர்த்தம்."

'ரெடி' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை. லாரித் தொழிலில் வாழும் இந்த மண்ணில் டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்று நம்பர் போட்டு இந்தியா முழுக்க ஓடும் வண்டிகளின் உரிமையாளர்கள் பலருக்கும் இது இன்னும் புரியாத சங்கதியாக இருக்கிறது. புரியாததால் வரும் நஷ்டத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

தொப்பூர் ஏற்றத்தில்

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போய், திரும்பும்போது கர்நாடகத்தில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வருவது மாமாவின் வழக்கம். ஒரே வண்டி, அதுவும் மாதத் தவணையில். ஒருநாள் ஓமலூர் தாண்டும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. தொப்பூர் ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு இறங்கிவிட்டது. மிதித்தாலும் இழுக்கவில்லை. முழு லோடோடு நடை வேகத்தில் ஏறி, பின்னால் வந்தவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு தருமபுரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே சாலையோரத்தில் ஒருவர் ஸ்கேனர் மாட்டி 'எரர் அழித்து'க் கொடுத்தார். பத்தே நிமிட வேலை. விளக்கும் போனது, இழுவையும் வந்தது. மாமா சந்தோஷமாகப் புறப்பட்டார். பெங்களூரு தாண்டிச் சில மணி நேரத்தில் மறுபடியும் அதே விளக்கு. மறுபடியும் ஒருவர், மறுபடியும் அழிப்பு. இரண்டு ட்ரிப்பில் எத்தனை முறை அழித்தார்கள் என்று அவருக்கே கணக்கு இல்லை.

இதில் ஒரு பெரிய கெடுதல் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. பழுது ஏற்பட்ட அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் ஓடியது, என்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு இழுத்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்ததுபோலச் சேர்த்து வைத்துக்கொள்ளும். எரரை அழிக்கும்போது அந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்ததுபோல ஆகிவிடும். கடைசியில் முதலைப்பட்டி மெக்கானிக்கிடம் வண்டி வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்கண்ணா, எதுக்கு அழிச்சீங்க?"

அவர் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தார். எக்ஸாஸ்ட் குழாயின் கடைசியில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் செத்துப்போயிருந்தது. அதற்கு முன்னால், ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளிக்கும் நாசில் வாயில் கல்லுப்பு போல வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தது. அவர் அதைக் கழற்றி வெந்நீர்ச் சட்டியில் போட்டதையும், கட்டி மெல்லக் கரைந்து நாசிலின் துளைகள் ஊசி முனை அளவுக்குத் திறந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது யூரியா. வெந்நீரில் கரையும். ஆனால் ஓடும் வண்டிக்குள் அதன் மேல் வெந்நீர் ஊற்ற ஆள் ஏது? சென்சாரையும் மாற்றிய பிறகு, பழைய எரரைக் கடைசியாக ஒருமுறை அவரே அழித்தார். அதன் பிறகுதான் அந்த விடிகாலைப் பயணம்.

கம்ப்யூட்டர் எதைச் சோதிக்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) வண்டிகள் மட்டும்தான் விற்க முடியும் என்று ஆனது. அந்தத் தேதிக்குப் பிறகு பிஎஸ் 4 வண்டியை விற்கவும் பதியவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் லாரியின் வயிற்றுக்கு அடியில் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையே வந்து உட்கார்ந்தது.

என்ஜினிலிருந்து வரும் புகையில் இருக்கும் கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைக்கும். நம் ஊரில் அதை டிபிஎஃப் என்கிறார்கள். கரி சேர்ந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதுதான் ரீஜென். அதற்குப் புகைக்குழாய்ச் சூடு 550, 600 டிகிரி வரை ஏறும். கரிக்கு அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடு. அதன் மேல் ஆட்ப்ளூவைத் தெளித்தால், கேட்டலிஸ்ட்டில் அது வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறிவிடும். ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி தாதுஉப்பு நீக்கிய தண்ணீர். குழாய்ச் சூடு சுமார் 200 டிகிரியைத் தாண்டாமல் தெளிக்கவே ஆரம்பிக்காது. அதற்கு முன்னால் தெளித்தால் நாசிலில் பார்த்த அந்த வெள்ளைக் கட்டிதான் மிஞ்சும்.

இத்தனையையும் கண்காணிக்கிற வேலை கம்ப்யூட்டருடையது. சில பாகங்களை வண்டி ஓடும் ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டே இருக்கும். சிலவற்றை அப்படிப் பார்க்க முடியாது. வடிகட்டியைச் சோதிக்க ஒரு அளவு சூடு வேண்டும், கேட்டலிஸ்ட்டைச் சோதிக்க ஒரே சீரான ஓட்டம் வேண்டும், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆரைச் சோதிக்க வேகம் கூடிக் குறைய வேண்டும். அந்த நிலைமை அமைந்தால்தான் அந்தந்தச் சோதனையை நடத்தி முடித்து 'ரெடி' என்று எழுதும். எரரை அழித்தாலோ, பல வண்டிகளில் பேட்டரி கேபிளைக் கழற்றினாலோ, இந்தப் பட்டியல் மொத்தமும் வெறும் சிலேட்டாகிவிடும். விளக்கு எரியாது. பழுது தீர்ந்ததால் எரியாமல் இருக்கிறதா, கம்ப்யூட்டர் இன்னும் பார்க்காததால் எரியாமல் இருக்கிறதா என்பது டேஷ்போர்டைப் பார்த்தால் தெரியாது.

யாரும் அழிக்காமல் விட்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பழுது உண்மையிலேயே சரியானால், பொதுவான கணக்குப்படி, அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு விளக்கைத் தானே அணைத்துக்கொள்ளும். அதன் பிறகும் நம்பாது. வண்டி 40 தடவை சூடேறி ஆறிய பிறகுதான் அந்தப் பழுதை நினைவிலிருந்து எடுக்கும். கிட்டத்தட்ட ஒரு மண்டலம். இதைக் கேட்டதும் மாமா, "மனுஷங்களைவிடக் கண்டிப்பா இருக்கும் போல" என்றார்.

நம் ஊர்ச் சான்றும் கலிஃபோர்னியாவின் சான்றும்

வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குத் தாய்வீடு அமெரிக்காவின் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தோடு பல பத்தாண்டுகள் போராடிய மாநிலம் அது. முதல் வடிவம் அங்கே 1988 மாடல் கார்களில் வந்தது. இரண்டாவது வடிவம் 1996 முதல் அமெரிக்கா முழுக்கக் கார்களுக்குக் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளையோடு ஒரு சாக்கெட் இருக்கிறதே, அது அப்போது வந்ததுதான். இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளுக்கு 2010இல் முதல் வடிவமும் 2013இல் இரண்டாவதும் வந்தன.

அமெரிக்காவில் புகைச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனால் முதலில் அந்தச் சாக்கெட்டில்தான் கேபிளைச் செருகுவார்கள். 2001 முதலான பெட்ரோல் கார்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் வழிகாட்டுதல், 'நாட் ரெடி' ஒன்றுக்கு மேல் இருந்தால் சோதிக்காமலே திருப்பி அனுப்பச் சொல்கிறது. காலையில் எரரை அழித்துவிட்டு மதியம் சான்று வாங்க வருகிறவர்களைப் பிடிக்கத்தான் இந்த விதி. கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரப் பழுதுக் குறியீடு என்று ஒன்று புதிய கார்களில் இருக்கிறது; கம்ப்யூட்டரே சோதித்துப் பார்த்து அழித்தால்தான் உண்டு. அது இருந்தாலும் அங்கே ஃபெயில். பிரிட்டனில் 2018 மே முதல் என்ஜின் விளக்கு எரிந்தாலே ஆண்டுச் சோதனையில் தேறாது.

நம் புகைச் சான்று மத்திய மோட்டார் வாகன விதி 115இன் கீழ் வருவது. பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். டீசல் வண்டியென்றால் என்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைப் பலமுறை அடி வரை மிதித்து, வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று அளக்கிறார்கள். வடிகட்டி வைத்த வண்டியின் புகை கண்ணுக்கே தெரியாது. மீட்டரிலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. மாமாவின் வண்டி தொப்பூரில் மூச்சுத் திணறிய அன்றைக்கே புகை மையத்துக்குப் போயிருந்தாலும் சான்று கிடைத்திருக்கும். நுரையீரலுக்குள் போகிற விஷத்தை அளக்காத சான்றுக்காகத்தான் வரிசையில் நிற்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சான்று இல்லாமலோ அளவு மீறியோ ஓடினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தண்டனை கடுமைதான். அளவை அதற்கு ஈடாக வளரவில்லை.

அப்படியானால் நம் ஊரில் கம்ப்யூட்டர் ரெடியாக வேண்டிய அவசியம் என்ன? ஏன் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும்? மாமாவும் இதைத்தான் கேட்டார். பதில் தொப்பூரிலேயே இருக்கிறது. பிஎஸ் 6 லாரி சோதனைக்கு மையத்தைத் தேடிப் போவதில்லை. சாலையே அதற்குச் சோதனைச் சாவடி. ஐரோப்பாவின் யூரோ 6 விதியை ஒட்டி வந்த ஏற்பாடு இது. ஆட்ப்ளூ தீர்ந்தாலோ, தரம் கெட்டாலோ, சென்சார் செத்தாலோ முதலில் எச்சரிக்கை, பிறகு இழுவைக் குறைப்பு, கடைசியில் ஊர்கிற வேகம். ரெடியாகாத கம்ப்யூட்டரோடு லோடு ஏற்றிப் புறப்படுகிறவர் சோதனையின் முடிவை 600 கிலோமீட்டர் தாண்டி, பாஷை தெரியாத ஊரில், கெட்டுப்போகும் சரக்கோடு தெரிந்துகொள்வார். பட்டறைக்குப் பக்கத்திலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

வெல்டிங்கும் முட்டை வண்டியும்

இந்தப் பகுதிக்கென்றே சில விசேஷங்கள் உண்டு. நாமக்கல்லின் பெயரே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளோடு சேர்ந்தது. சேசிஸ் மேல் ஆர்க் வெல்டிங் வைக்கும்போது பாயும் மின்சாரம் கம்ப்யூட்டரையும் சென்சாரையும் சுட்டுவிடும். அதனால் முதலில் பேட்டரியையும், கம்பெனி சொல்கிற கனெக்டர்களையும் கழற்றிவிட்டுத்தான் ராடைப் பற்ற வைக்க வேண்டும். கவனமான பட்டறைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் திரும்ப மாட்டிய பிறகு அந்த வண்டியின் சிலேட்டு வெறுமையாகவே இருக்கக்கூடும் என்பதை உரிமையாளரிடம் சொல்கிறவர்கள் குறைவு. பாடி வேலைக்கும் எஃப்சிக்கும் (தகுதிச் சான்று) சேர்த்தே வண்டியைப் பட்டறையில் விடுவது நம் பழக்கம். தகரம், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பளபளவென்று முடித்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, நேராக லோடுக்கு. கம்ப்யூட்டர் தன் சோதனையை முதல் நெடும்பயணத்தில்தான் ஆரம்பிக்கும்.

பண்ணை பண்ணையாக நின்று முட்டை எடுக்கும் சின்ன வண்டிகளின் பாடு வேறு. இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி நேரம் நிறுத்தம், மறுபடி இரண்டு கிலோமீட்டர். குழாய் சூடாவதற்குள் என்ஜினை அணைத்துவிடுகிறார்கள். கரி சேர்ந்துகொண்டே போகும், ரீஜென் பாதியில் அறுந்துகொண்டே இருக்கும். பாதியில் அறுந்த ரீஜெனில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும். ஊற்றாத ஆயில் ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, உடனே மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த வண்டியை ஹைவேயில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் பாதி வியாதி தீரும்.

கேஸ் டேங்கர்காரர்களுக்கு இன்னொன்று. ரீஜெனைத் தடுத்து வைக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கிறது. பாட்லிங் பிளான்ட் போன்ற இடங்களில் குழாய்ச் சூடு ஏறக் கூடாது என்பதற்காக. உள்ளே போகும்போது அழுத்திய சுவிட்சை வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வைக்கோல் லோடு ஏற்றுகிறவர்களும், களத்து மேட்டில் நிறுத்துகிறவர்களும் நின்ற இடத்தில் ரீஜென் போடவே கூடாது. 600 டிகிரிக் குழாய்க்குக் கீழே காய்ந்த புல் இருந்தால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் வரை, திரும்பி

நாங்கள் புறப்பட்டோம். முதல் சில நிமிடம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடியது. மாமா பழக்கத்தில் உறுமவிடப் போனார், மெக்கானிக் தடுத்தார். வண்டியில் பாதி லோடு மக்காச்சோளம் இருந்தது. அதுவும் அவர் கேட்டு ஏற்றியதுதான். காலி வண்டி எவ்வளவு ஓடினாலும் குழாயில் போதுமான சூடு ஏறாதாம். டீசல் டேங்கும் பாதிக்கு மேல். ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது.

புதுச்சத்திரம் வரை ஒரே சீராக அறுபதில் போனோம். "கியரை மாத்திக்கிட்டே இருக்காதீங்கண்ணா. பிரேக்கை விட்டுட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் எடுத்து விடுங்க, தானா இறங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதருக்குப் பாதி வயசுப் பையன் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறான். மாமா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் திரையைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சூடு 180, 210, 240. எங்கோ அடியில் ஆட்ப்ளூ பம்பு ஓட ஆரம்பித்தது. டர்போவுக்கு எதிரே டிக் விழுந்தது. ஆண்டகலூர் கேட் தாண்டி ஈஜிஆர். வலப்பக்கம் போதமலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. மல்லூர் வந்தபோது எக்ஸாஸ்ட் சென்சாரும் பச்சையானது.

சீலநாயக்கன்பட்டியில் திரும்பினோம். டீக்கடையில் நிறுத்தலாமா என்று மாமா கேட்டார். வடிகட்டி சூடாக இருக்கும்போது நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண் என்றார் மெக்கானிக். டீ இல்லாமலே திரும்பினோம். வழியில் ரீஜென் தானாகப் பிடித்தது. சூடு 560ஐத் தொட்டு இருபது நிமிடம் நின்று இறங்கியது. வடிகட்டியும் ரெடி.

கேட்டலிஸ்ட் மட்டும் மிச்சம். அது அன்றைக்கு வரவே இல்லை. சில சோதனைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் சரியாக வந்தால்தான் முடியும். மறுபடி ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுபடி விடிகாலையில் புறப்பட வேண்டும். லோடு புரோக்கர் மாமாவுக்கு நாலு தடவை போன் செய்துவிட்டார். மாமா நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நின்ற வண்டிக்கும் தவணைத் தேதி நிற்காது.

இந்த ஒன்றரை நாளுக்கு மெக்கானிக் வாங்கியது டீசல் செலவு மட்டும். நான் வற்புறுத்திக் கேட்டபோது, "ஓட்டிப் பாக்கறதுக்கெல்லாம் பில்லு போட்டா யாருங்க குடுப்பாங்க?" என்றார். இந்தத் தொழிலின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சென்சார் விலைக்குப் பில்லில் ஒரு வரி இருக்கிறது. கழற்றி மாட்டிய கூலிக்கு வரி இருக்கிறது. ஓட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருந்த நேரத்துக்கு மட்டும் வரி இல்லை. கூலி இல்லாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள். அழித்துக் கொடுப்பது பத்து நிமிடம், கையில் காசு. பட்டறைகள் இந்தக் கூலியைத் தைரியமாகக் கேட்க வேண்டும், லாரி உரிமையாளர்கள் மனமுவந்து கொடுக்க வேண்டும். கூடவே, பட்டியல் முழுக்க ரெடி ஆன திரையைப் படம் எடுத்துப் பில்லோடு கொடுக்கச் சொல்ல வேண்டும்.

குறுக்கு வழிகள்

அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காக ஒரு சந்தை இருக்கிறது. ஆட்ப்ளூ தெளிக்காமலே தெளித்ததாகக் கம்ப்யூட்டரை நம்ப வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிடுவார்கள். வடிகட்டியை அறுத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறுங்கூட்டை வெல்ட் பண்ணிக் கொடுப்பவர்களும் உண்டு. விவசாய யூரியாவைக் கரைத்து ஆட்ப்ளூ என்று விற்கிறவர்கள் இன்னொரு ரகம். மானியத்தில் 45 கிலோ மூட்டையாக வரும் யூரியா, 2015க்குப் பிறகு முழுக்க வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. நெல்லுக்கு நல்லது, கேட்டலிஸ்ட்டில் பட்டால் படிந்து கெடுக்கும். அதை நம் ஊர் உப்புப் போர்த் தண்ணீரில் கரைத்தால் கேட்கவே வேண்டாம். உரத்தைத் தொழிலுக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும்கூட. விதைப்பு நேரத்தில் யூரியாவுக்கு சொசைட்டியில் வரிசையில் நிற்கிற அப்பாவின் மகனே அந்த மூட்டையை லாரிக்கு ஊற்றுகிறான் என்றால் அதைவிடக் கொடுமை எது?

கம்ப்யூட்டரை ஏமாற்றியவர்கள் உலகின் பெரிய கம்பெனிகளிலும் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் வெளியான வோக்ஸ்வாகன் ஊழலில், சோதனைக் கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடக்கும்படி கார்களுக்குப் புரோகிராம் எழுதியிருந்தார்கள். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அதில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அர்விந்த் திருவேங்கடம். அவர்கள் அளவைக் கருவியைக் காரின் பின்னால் ஏற்றி, 2013இல் கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு வரை வந்தது. கூடத்தில் தெரியாதது சாலையில் தெரிந்தது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் பிஎஸ் 6இன் இரண்டாம் கட்டமாகப் புது மாடல்களைச் சாலையில் ஓட்டி அளப்பது கட்டாயமானது. ஒரு மெக்கானிக் வண்டியைச் சேலம் வரை ஓட்டிப் பார்க்கிறார் என்றால், அவரும் தன் அளவில் அதையேதான் செய்கிறார்.

பழைய லாரி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயரையும் சேசிஸையும் தட்டிப் பார்ப்பதோடு ஸ்கேனரும் கொண்டுபோங்கள். பழுது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எரர் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை தடவை சூடேறியது என்று பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் எண்ணி வைத்திருக்கும். விற்பவர் "ஒரு எரரும் இல்லீங்க" என்று சொல்லும்போது, அழித்து எட்டே கிலோமீட்டர்தான் ஆகிறது என்று திரை சொன்னால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு வண்டியை ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலை ராசிபுரம் பக்கம் வரும்போது கேட்டலிஸ்ட் வரியும் பச்சையானது. மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. திரையை மாமா பக்கம் சாய்த்துப் பிடித்தார், அவ்வளவுதான். மாமா வண்டியை ஓரம்கட்டி நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் அதே அறுபதில் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

புகை மையத்தில் பதினைந்து நிமிட வேலை. குழாயில் கருவியைச் செருகினார்கள், ஆக்சிலரேட்டரை மிதித்தார்கள், காகிதம் வந்தது. மாமா அதை மடித்து ஆர்சி புத்தகப் பைக்குள் வைத்தார். பிறகு டீசல் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து, அன்றைய தேதியில் மீட்டர் ரீடிங்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி எழுதினார்: 'அழித்த பின் 204 கி.மீ. எல்லாம் ரெடி.' நோட்டை மூடிவிட்டு, முந்தின நாள் குடிக்காமல் விட்ட டீயைக் குடிக்க எங்களை அழைத்துக்கொண்டு போனார்.